யாழ்ப்பாணக் கடனீரேரிகளில் மாரித் தொடக்கத்துப் பறவைகளை ஒளிப்படமெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாதி தொடங்கிக் கார்த்திகை முடியும் வரையான காலத்தில் யாழ்ப்பாணத்துக் களப்புகளிலும் தரவைகள் எனப்படும் திறந்த வெளிகளிலும் நீர்ப்பறவைகளைப் படமெடுக்க விரும்புவோர் வழமையாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன.

புரட்டாதியில் வரலாமா, கார்த்திகை வரை பொறுக்க வேண்டுமா?

எதைப் படமெடுக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சைபீரியா, மத்திய ஆசியா ஆகிய இடங்களில் குளிர் தொடங்கும்போது புறப்படும் பறவைகள் மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் வழியே தெற்கு நோக்கி வருகின்றன. அந்தப் பாதையின் தென்முனையில் இலங்கை இருக்கிறது. பாக்கு நீரிணையைக் கடந்து வரும் பறவைகளுக்கு எங்கள் குடாநாடு முதலில் தென்படும் தரைகளுள் ஒன்று. கரையோரத்தில் மேயும் உள்ளான் வகைகளில் முதிர்ந்தவை ஆவணியிலேயே வந்துவிடும். வளைமூக்கு உள்ளான், கருவால் மூக்கன் போன்றவற்றின் மார்பில் இனப்பெருக்க காலத்துச் செம்மை அப்போதும் திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கும். அந்தச் செம்மையைப் படத்தில் பிடிக்க விரும்புவோர் புரட்டாதி நடுப்பகுதியைத் தாண்டக் கூடாது. அதன் பின்னர் அவை சாம்பல் நிறமாகிவிடும். அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகள் புரட்டாதியிலும் ஐப்பசியிலும் வந்து சேர்கின்றன. முதுகில் செதில் அடுக்கியது போன்ற கோலமும் சிதையாத புத்தம்புதிய இறகுகளும் கொண்ட இவற்றைப் பலர் கவனிப்பதேயில்லை. என் கணிப்பில் இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த படங்கள் இவற்றிலிருந்தே கிடைக்கின்றன. காட்டுத் தாராக்கள் பெருந்திரளாக வருவதற்கு ஐப்பசிப் பிற்பகுதியும் கார்த்திகையும் ஆகிவிடும்.

சுண்டிக்குளத்துக்குத்தான் போக வேண்டுமா? நகருக்கு அருகில் இடங்கள் இல்லையா?

இருக்கின்றன, நிறையவே. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டில் சரணாலயமாகவும் 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட பெரும் ஈரநிலம். குடாநாட்டின் தென்கிழக்கு மூலையில், மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு வழியாகச் செல்லும் கரையோரப் பாதையின் அந்தத்தில் அது அமைந்துள்ளது. அங்கே பறவைகள் ஏராளம். ஆனால் பரப்பும் ஏராளம். பறவைகள் கண்ணுக்கெட்டிய தொலைவில் ஒரு வெண்கோடாக நிற்பதைப் பார்த்துவிட்டு வெறுங்கையுடன் திரும்புவோர் பலர்.

புதிதாகத் தொடங்குபவருக்குப் பண்ணைப் பாலமே போதும். யாழ்ப்பாணக் கோட்டையைத் தாண்டியதும் வீதியின் இரு மருங்கிலும் ஆழமற்ற கடல் விரிகிறது. வாகனங்கள் ஓயாது போய்வரும் வீதியாதலால் அங்குள்ள பறவைகள் மனித நடமாட்டத்துக்குப் பழகியவை. வழுக்கையாறு கடனீரேரியைச் சேரும் அராலிப் பக்கம், கல்லுண்டாய் வெளி, புங்குடுதீவுக்குச் செல்லும் பாலத்தின் இருபுறமும், தொண்டைமானாற்றின் ஓரங்கள், நாகர்கோவில் பக்கத்துக் களப்பு ஆகியவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் நல்லவை. தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காட்டின் கண்டல்களில் கொக்குகளும் நாரைகளும் கூட்டமாகத் தங்குவதுண்டு. அங்கே செல்வோர் தங்குமிடத்துக்குள் நுழையாமல் தொலைவில் நின்று மாலை வரவைப் படமெடுப்பதே முறை.

அனுமதி பெற வேண்டுமா?

பொது வீதியோரங்களில் நின்று பறவைகளைப் படமெடுக்க அனுமதி தேவையில்லை. தேசியப் பூங்கா, இயற்கை ஒதுக்ககம், சரணாலயம் ஆகியவை தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றுக்குள் செல்வதாயின் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள். இராணுவ, கடற்படை முகாம்களையும் சோதனைச் சாவடிகளையும் நோக்கிக் கமராவைத் திருப்பக் கூடாது. நீண்ட வில்லையுடன் வீதியோரம் நிற்பவரிடம் கேள்வி கேட்பது இயல்பே. அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்து, கமராவின் திரையில் ஒரு கொக்கின் படத்தைக் காட்டினால் பெரும்பாலும் விடயம் அத்துடன் முடிந்துவிடும்.

எந்த நேரம் நல்லது? காலையா, மாலையா?

‘அதிகாலை’ என்று எல்லோரும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இந்த விடை பாதிதான் சரி. மீதியைக் காற்றே தீர்மானிக்கிறது.

பறவை எப்போதும் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும், ஓய்வாக நிற்கும்போதும் காற்று வரும் திசைக்கே முகம் கொடுக்கும்; இல்லையேல் அதன் இறகுகள் குலைந்துவிடும். புரட்டாதியில் சோளகம் இன்னும் ஓயாத நாட்களில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. அந்நாட்களில் பறவைகள் தென்மேற்கைப் பார்த்து நிற்கும். காலையில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மேற்கு நோக்கி நிற்பவருக்கு அவற்றின் வால்களே கிடைக்கும். மாலையிலோ சூரியன் மேற்கில் இருக்க, நீங்கள் கிழக்கு நோக்கி நிற்க, இறங்கும் பறவைகள் யாவும் உங்களை நோக்கி, முகத்தில் வெயில் விழ வந்து இறங்கும். கார்த்திகையில் வாடை வீசத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிறது: காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் காலைப்பொழுதே பொன்னான நேரமாகிறது. ஆகவே, சோளகத்துக்கு மாலை, வாடைக்குக் காலை என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் இடைப்பட்ட ஐப்பசி நாட்களில் காலையில் காற்றே இல்லாமல் கடனீரேரி கண்ணாடியாகக் கிடக்கும். பிரதிபிம்பத்துடன் கூடிய படங்களுக்கு ஆண்டிலேயே இதைவிட நல்ல காலம் இல்லை. பிற்பகலில் இடிமுழக்கத்துடன் மழை வரலாம். மின்னல் நேரத்தில் திறந்த தரவையில் உலோக முக்காலியுடன் நிற்பது ஆபத்து. இந்த மாதங்களில் சூரிய உதயம் காலை 6 மணியளவில் நிகழ்கிறது. ஒன்பது மணிக்குப் பின்னர் சூடேறிய சேற்றின் மேலும் வீதியின் மேலும் கானல் எழும்பத் தொடங்கும். அதன் ஊடாக எடுக்கும் படம் எவ்வளவு விலையான வில்லையிலும் தெளிவடையாது. அதைக் கமராவின் கோளாறு என்று எண்ணித் திருத்தகத்துக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு.

இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், கிழக்கு மேற்காகக் கிடக்கும் வீதிகளில் வடக்குப் பக்கத்து நீரே நாள் முழுவதும் நேர்வெளிச்சம் பெறும்.

போன கிழமை நூற்றுக்கணக்கில் நின்ற பறவைகள் இந்தக் கிழமை ஒன்றுமில்லையே. எங்கே போயின?

நீர் ஏறியிருக்கும். குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையே பெய்கிறது. கோடை முழுவதும் வெடித்து உப்புப் படிந்து கிடந்த ஓரங்கள் முதல் மழைகளில் நனைந்து மெல்லிய சேறாகும்போது புழுக்களும் பூச்சிகளும் பெருகி, உள்ளான்கள் வந்து குவிகின்றன. அடுத்த பெருமழையுடன் அதே இடத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். கொசு உள்ளானுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீர் போதும். அதற்குமேல் அதனால் நின்று மேய இயலாது. பவளக்காலியும் பச்சைக்காலியும் சற்று ஆழத்தில் நிற்கும். நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் அதைவிட ஆழத்தில். பூநாரைக்கு இன்னும் கூடுதலான நீரும் பிரச்சினையில்லை. ஆகவே ஓர் இடத்தில் நிற்கும் பறவைகளின் கால் நீளத்தைப் பார்த்தாலே அங்குள்ள நீரின் ஆழம் தெரிந்துவிடும்.

நீர் ஏறியதும் சிறிய உள்ளான்கள் மேட்டுத் தரவைகளுக்கும், விதைத்து முளை கண்ட வயல்களின் ஈர வரம்புகளுக்கும் நகர்ந்துவிடும். அங்கே தேடுங்கள். தடுப்பணைக் கதவுகள் திறக்கப்பட்டு வெள்ளம் கடலுக்கு விடப்படும்போது மீண்டும் சேறு வெளிப்பட, பறவைகள் திரும்புவதுண்டு. எங்கள் கடனீரேரியில் வற்றுப்பெருக்கின் வீச்சு சிறியது. ஆழமற்ற நீரைப் பலமான காற்று ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒதுக்கிவிடுவதால், வற்றுநேர அட்டவணையை விடக் காற்றின் திசையைப் பார்ப்பதே பயன் தரும்.

எந்தக் கமரா, எந்த வில்லை?

கையில் இருப்பதுடன் தொடங்குங்கள். திறந்த வெளியில் பறவையை நிரப்பி எடுக்க 400 மில்லிமீற்றருக்குக் குறையாத வில்லை தேவை. 500 அல்லது 600 இருந்தால் வசதி. 300 மில்லிமீற்றர் வில்லையை வைத்திருப்பவர் பறவையைப் பெரிதாக்க முயலாமல், சூழலையும் சேர்த்து எடுக்கட்டும். மீன் பிடிப்பதற்காகக் கடலில் வரிசையாக நாட்டப்பட்ட களங்கண்டித் தடிகளில் தடிக்கு ஒன்றாக ஆலாக்களும், அவற்றின் நடுவே சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகமும் அமர்ந்திருக்க, பின்னால் பனைகள் நிழலாகத் தெரியும் காட்சி யாழ்ப்பாணத்துக்கே உரியது. அதற்குச் சிறிய வில்லையே ஏற்றது.

முக்காலியை விடப் படங்கு ஒன்று பயன் மிக்கது. பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் பின்னணி தொலைவாகி மென்மையாகும். நின்ற உயரத்திலிருந்து எடுத்த உள்ளான் படத்தில் முதுகும் சேறும் மட்டுமே இருக்கும். சேற்றின் ஓரத்தில் படங்கை விரித்துப் படுத்து, அரிசியோ மணலோ நிரப்பிய சிறு பையின்மேல் வில்லையை வையுங்கள். படுத்திருக்கும் மனிதனைப் பறவைகளும் குறைவாகவே அஞ்சுகின்றன.

வெள்ளைக் கொக்கு எப்போதும் வெளுத்துப்போகிறது. நீர்க்காகம் கரிக்கட்டையாகிறது. என்ன செய்வது?

கமரா காட்சி முழுவதையும் சராசரியாக அளக்கிறது. கருஞ்சேற்றின் நடுவே சிறிதாக நிற்கும் கொக்கை எடுக்கும்போது அது சேற்றைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. ஆகவே ஒளியளவை மூன்றில் இரண்டு அல்லது ஒரு படி குறையுங்கள். பளிச்சிடும் வானத்தில் பறக்கும் நீர்க்காகத்துக்கு நேர்மாறாக ஒரு படியோ அதற்குச் சற்று மேலோ கூட்டுங்கள். வெண்மையில் இறகின் கோடுகள் தெரிகின்றனவா என்று திரையில் பெருப்பித்துப் பாருங்கள். ஒருமுறை முற்றாக வெளுத்த இறகைப் பின்னர் மீட்க முடியாது.

நிற்கும் பறவைக்கு 1/500 செக்கன் பொதுவாகப் போதும். பறப்பவற்றுக்கு 1/2000 செக்கன். திடீரென்று திரும்பி நீரில் பாயும் ஆலாவுக்கு 1/3200 வரை செல்லலாம். சாவகாசமாகச் சிறகடிக்கும் கூழைக்கடாவுக்கு 1/1250 ஏ தாராளம். ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்திறனை, தானியங்கியாக விட்டுவிடுங்கள்.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

மீற்றரில் சொல்ல இயலாது, பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையை உயர்த்தி அசையாமல் நின்றால் அது உங்களைக் கணக்கெடுக்கிறது என்று பொருள். அங்கேயே நில்லுங்கள். அது மீண்டும் மேயத் தொடங்கினால் நீங்கள் நிற்கும் தூரம் அதற்குச் சம்மதம். மேயாமல் உங்களுக்கு முதுகு காட்டி நடக்கத் தொடங்கினால், அல்லது குந்தி எழும்பத் தயாரானால், அல்லது எச்சமிட்டால், மெல்லப் பின்வாங்குங்கள். ஆட்காட்டி ஒன்று கத்தத் தொடங்கினால் நீங்கள் வந்த செய்தி அந்த வெளி முழுவதும் பரவிவிடும். அதன்பின் அரை மணி நேரம் அமைதியாக இருந்தாலன்றிப் பயனில்லை.

இந்தப் பருவத்தில் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்துவந்த பறவை தன் உடற்கொழுப்பையும் பறப்புத் தசையின் ஒரு பகுதியையும் செலவழித்துவிட்டு வந்து இறங்குகிறது. சில இனங்கள் இங்கே வந்த பின்னரே சிறகிறகுகளையும் மாற்றுகின்றன. ஒவ்வொரு முறை எழுப்பப்படும்போதும் மேய்ச்சல் நேரமும் சேர்த்த சக்தியும் வீணாகின்றன. ஒரு நாளில் நீங்கள் ஒருவர் மட்டுமே எழுப்புவதில்லை. நாய், பருந்து, வீதியில் நின்று கைதட்டும் சிறுவர், உங்களுக்குப் பின் வரும் இன்னொரு கமராக்காரர் என்று எல்லோரும் சேர்ந்துதான்.

நெருங்குவதை விட வரவிடுவதே சிறந்த வழி. பறவைகள் மேய்ந்துகொண்டு எந்தத் திசையில் நகர்கின்றன என்று தொலைவிலிருந்து பார்த்து, அவை வரக்கூடிய இடத்துக்குச் சுற்றிச் சென்று முன்கூட்டியே படுத்துக்கொள்ளுங்கள். அவை உங்களைக் கடந்து போகும்போது கிடைக்கும் படம், துரத்திப் போய்க் கிடைக்காது. வாகனத்துக்குள் இருந்து கண்ணாடியை இறக்கி எடுப்பதும் நல்லது. ஓட்டோவும் இதற்கு நன்றாகவே உதவும். எஞ்சினை நிறுத்துங்கள், கீழே இறங்காதீர்கள்.

பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கலைத்துவிடலாமா? ட்ரோன் பறக்கவிடலாமா? பறவைக் குரலை ஒலிக்கவிடலாமா?

மூன்றுக்கும் விடை ஒன்றே: கூடாது. ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அனுமதியின்றிப் பறக்கவிடுவது குற்றம். அதற்கு அப்பால், தலைக்குமேல் வரும் எதையும் பறவை பருந்தாகவே கொள்ளும். பறக்கும் படம் வேண்டுமென்றால் மாலையில் தங்குமிடம் திரும்பும் வழியில் காத்திருங்கள்.

பூநாரைகள் எப்போது வரும்?

தேதி குறித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஐப்பசியில் சிறு கூட்டங்கள் அங்குமிங்கும் தென்படலாம். பெரிய கூட்டங்களுக்குப் பெரும்பாலும் மழை ஓய்ந்து நீர் நிலைபெறும் மார்கழி, தை, மாசி மாதங்களே உரியன. நீரின் உப்புச் செறிவும் ஆழமும் மாறுவதற்கேற்ப அவை ஒரு களப்பிலிருந்து இன்னொன்றுக்கும், மன்னாருக்கும், நீரிணைக்கு அப்பாலுக்கும் இடம் மாறுகின்றன. கூட்டத்தில் சாம்பல் நிறப் பறவைகளைக் கண்டால் அவை இளையவை. இளஞ்சிவப்பு நிறம் இரையில் உள்ள நிறமிகளால் படிப்படியாகவே ஏறுகிறது.

அலகைத் தலைகீழாக நீரில் வைத்து அரித்து உண்ணும் பூநாரை, எழும்புவதற்கு முன் நீரில் நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கிறது. அந்த ஓட்டம் அழகானதுதான். ஆயினும் அதைக் காண்பதற்காக அவற்றை நோக்கி நடப்பவரைக் கண்டால் தயங்காமல் தடுத்து நிறுத்துங்கள்.

நான் எடுத்த தாராக்கள் எல்லாமே மண்ணிறம். பெட்டைகள் மட்டும்தான் வருகின்றனவா?

இல்லை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் முதலியவற்றின் ஆண்கள் இனப்பெருக்கம் முடிந்ததும் தம் வண்ண இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போன்ற கோலத்துக்கு மாறுகின்றன. நீங்கள் ஐப்பசியில் காண்பது அந்தக் கோலத்தையே. ஊசிவால் வாத்து மார்கழிக்குள் பெரும்பாலும் தன் நிறத்தை மீட்டுவிடும்; நீலச்சிறகி தை, மாசி வரை தாமதிக்கும். அதுவரை நீலச்சிறகி ஆணை அடையாளம் காணப் பறக்கும்போது படமெடுங்கள்: சிறகின் முன்பகுதியில் வெளிர் நீலச் சாம்பல் எப்போதும் தெரியும். தட்டைவாயனுக்கு அகன்ற அலகும், ஊசிவால் வாத்துக்கு மெலிந்த நீள் கழுத்தும் போதிய அடையாளங்கள்.

சேற்றில் இறங்குவது பாதுகாப்பானதா?

இடத்தைப் பொறுத்தது. மேலே காய்ந்து வெடித்திருக்கும் தரை உள்ளே இடுப்பளவு புதையலாம். அங்கே வலை இழுப்பவரிடமோ நண்டு பிடிப்பவரிடமோ ‘அண்ணை, இதாலை நடக்கலாமோ?’ என்று கேளுங்கள். ‘இஞ்சாலை புதையும் தம்பி, அந்தக் கண்டலுக்கு அங்காலை கெட்டித் தரை’ என்று கிடைக்கும் விடை எந்த வரைபடத்திலும் இல்லாதது. அவர்களுடைய களங்கண்டித் தடிகளைத் தொடாதீர்கள். வலை இழுக்கும் நேரத்தில் மறித்து நிற்காதீர்கள். அவர்களைப் படமெடுப்பதாயின் கேட்டுவிட்டு எடுங்கள்.

சுண்டிக்குளத்தில் முதலைகள் உண்டு. நீரோரத்தில் படங்கு விரித்துப் படுக்கும் முறை அங்கே பொருந்தாது. நாகர்கோவில், முகமாலை, கிளாலிப் பக்கங்களில் போர்க்காலத்தில் மிதிவெடிகள் பரவலாகப் புதைக்கப்பட்டிருந்தன. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எங்கிருந்தாலும் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும், மாடுகள் மேய்ந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள்; வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருட்களை இடம் மாற்றக்கூடும்.

மழையிலிருந்தும் உப்பிலிருந்தும் கமராவை எப்படிக் காப்பது?

மழைக்கு ஒரு தடித்த பொலித்தீன் பையும் இறப்பர் வளையமும் போதும். உப்புக் காற்றே பெரிய எதிரி. வீடு திரும்பியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலையும் வில்லையின் குழலையும் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் துடையுங்கள். முன்கண்ணாடியில் உப்புத்தூள் இருக்கையில் உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி அகற்றுங்கள். முக்காலியின் கால்களைக் கழற்றிக் கழுவுங்கள்.

காலில் வளையமோ நிறக் கொடியோ உள்ள பறவையைப் படமெடுத்தால்?

அது உங்கள் நாளின் மிகப் பெறுமதியான படமாக இருக்கலாம். பாக்கு நீரிணைக்கு அப்பால் கோடியக்கரையில் பல பதிற்றாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிடப்படுகிறது. மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகங்கள் ருஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை சென்றதும் பதிவாகியுள்ளது. கொடி எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, இரண்டு கொடிகளாயின் எந்த நிறம் மேலே, எழுத்து ஏதும் வாசிக்க முடிகிறதா என்பவற்றைக் குறித்துக்கொண்டு, திகதி, இடம் ஆகியவற்றுடன் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கு அனுப்பலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு 1976ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் அமைப்பு அது. ஏனைய படங்களைப் பறவை அவதானிப்புகளைப் பதியும் இ-பேர்ட் இணையத் தளத்தில் எண்ணிக்கையுடன் பதிவேற்றுங்கள். கூடு கட்டும் இடத்தையும் இராத் தங்குமிடத்தையும் மட்டும் முகநூலில் இடப்பெயருடன் போடாதீர்கள். மஞ்சள்மூக்கு நாரை போன்றவை மாரியிலேயே கூடு கட்டுபவை, குஞ்சு பறக்கும்வரை அந்தத் தகவல் உங்களிடமே இருக்கட்டும்.